வகுப்பறை இல்லாமல் பிரெஞ்சு: இரண்டரை ஆண்டுகள் கூட இருந்த நூல்களும் இணையப் பாடங்களும் மனிதர்களும்

என் தாய்வழித் தாத்தா புதுச்சேரியில் 'சொல்தா' என்று அழைக்கப்பட்டவர்களில் ஒருவர்; பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர். அவர் விட்டுச் சென்ற தகரப் பெட்டியில் பணிப் பதிவேடு ஒன்றும், நிலப் பத்திரம் ஒன்றும், சில அரசுக் கடிதங்களும் இருந்தன. அத்தனையும் பிரெஞ்சில் இருந்ததால் வீட்டில் எவராலும் படிக்க முடியவில்லை. பணம் கொடுத்து மொழிபெயர்த்து வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தத் தாள்களை நானே படிக்க வேண்டும் என்ற ஆசை பிறந்துவிட்டது. கடலூரில் வேலை, மாலை ஏழு மணிக்கு வீடு என்றிருக்கும் ஒருவரால் வாரத்தில் மூன்று நாள் வகுப்புக்குப் போய்வர முடியாது என்பதால், நூல்களையும் இணையத்தையும் நம்பிக் கற்கத் தொடங்கினேன். இந்த இரண்டரை ஆண்டுகளில் எவை கைகொடுத்தன, எவை கொடுக்கவில்லை என்பதைத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவரின் பார்வையிலிருந்து எழுதுகிறேன். ஆங்கிலத்தில் இத்தகைய மதிப்புரைகள் ஏராளமாக உள்ளன. அவை ஆங்கிலேயரின் சிரமங்களைப் பேசுகின்றனவே தவிர நம் சிரமங்களைப் பேசுவதில்லை.

தொடங்கும் முன் காலக்கணக்கை நேர்மையாகப் போட்டுக்கொள்வது நல்லது. அமெரிக்க அரசு தன் தூதரக அலுவலர்களுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர் பணிக்குத் தேவையான அளவு பிரெஞ்சு கற்க ஏறத்தாழ 30 வாரங்கள், அதாவது 750 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கிடுகிறது. அதே பட்டியலில் தமிழுக்கு 44 வாரங்கள் என்றிருப்பதைப் பார்த்து எனக்குச் சற்றுப் பெருமையாகவும் இருந்தது. அந்த 750 மணி நேரமும் ஆசிரியர் முன்னே அமர்ந்து கற்பது. நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குபவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும் என்பதுதான் இதன் பொருள். முப்பதே நாளில் பிரெஞ்சு என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் எந்த நூலையும் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்ட ஒரு தமிழ் வழி நூல்தான். அதன் அடிப்படைக் குறை, பிரெஞ்சுச் சொற்களின் ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் மட்டும் தந்திருந்தது. நம் எழுத்தில் 'ப' ஒன்றே இரண்டு ஒலிகளுக்கும் நிற்கும். 'ச' ஒன்றே பல ஒலிகளுக்கு நிற்கும். பிரெஞ்சிலோ மீனுக்கும் நஞ்சுக்கும் உரிய சொற்களுக்கு இடையே உள்ள வேறுபாடு, நடுவிலிருக்கும் 'ஸ' ஒலி அதிராமல் வருகிறதா, வண்டு ரீங்கரிப்பது போல் அதிர்ந்து வருகிறதா என்பது மட்டுமே. உணவகத்தில் மாற்றிச் சொன்னால் என்ன கேட்கிறீர்கள் என்று பரிமாறுபவர் திகைப்பார். ஒலிப்பதிவு இல்லாமல் வரும் எந்த பிரெஞ்சு நூலையும், அது எந்த மொழி வழியாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு வாங்கிய அசிமில் நூல்தான் என் படிப்பின் முதுகெலும்பு. 1929-இல் அல்ஃபோன்ஸ் ஷெரெல் என்பவர் தொடங்கிய இந்தப் பிரெஞ்சுப் பதிப்பகம் இன்றும் ஏறக்குறைய அதே முறையில்தான் நூல் வெளியிடுகிறது. இடப்பக்கத்தில் சிறிய உரையாடல், வலப்பக்கத்தில் அதன் மொழிபெயர்ப்பு, கீழே குறிப்புகள், இறுதியில் இரண்டு சிறு பயிற்சிகள் என ஒவ்வொரு பாடமும் அமைந்திருக்கும். ஏழாவது பாடம் வரும்போதெல்லாம் அதுவரை வந்த இலக்கணத்தைத் தொகுத்துச் சொல்வார்கள். நாளுக்கு அரை மணி நேரம் போதும். முதல் பாதியில் எதையும் மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. கேட்டு, படித்து, உரக்கச் சொல்லிப் புரிந்துகொண்டு நகர வேண்டும். ஐம்பதாவது பாடத்தை எட்டியதும் இரண்டாம் சுற்று தொடங்குகிறது. அன்றைய புதிய பாடத்தோடு முதல் பாடத்துக்கும் திரும்பிச் சென்று, வலப்பக்க மொழிபெயர்ப்பை மட்டும் பார்த்து இடப்பக்கப் பிரெஞ்சைத் தானே சொல்ல வேண்டும்.

இந்த இரண்டாம் சுற்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நானும் முதலில் தயங்கினேன். ஆனால் நூலின் உண்மையான பலன் அங்கேதான் இருக்கிறது. புரிந்துவிட்டது என்று கடந்துபோன வாக்கியத்தை வாயால் உருவாக்கிச் சொல்ல முயலும்போதுதான், எந்த முன்னிடைச்சொல் எங்கே வரும், பெயரடை முன்னே வருமா பின்னே வருமா என்பதெல்லாம் இன்னும் கைவரவில்லை என்பது தெரிகிறது. நான் ஆங்கில மொழிபெயர்ப்பை மூடிவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என் கையால் எழுதிய தமிழைப் பார்த்துப் பிரெஞ்சில் சொல்லப் பழகினேன். நேரம் இரட்டிப்பாகச் செலவானாலும் இதைவிடப் பயனுள்ள ஒன்றை இந்த இரண்டரை ஆண்டுகளில் நான் செய்யவில்லை.

காரணம் எளிது. ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சைப் பார்க்கும்போது கடினமாகத் தெரியும் பல செய்திகள் தமிழ் வழியாகப் பார்த்தால் பழகிய முகங்களாகின்றன. 'த்யூ', 'வூ' என்ற இரண்டு முன்னிலைச் சொற்களில் எதை யாரிடம் பயன்படுத்துவது என்பதை விளக்க ஆங்கில நூல்கள் பத்தி பத்தியாக எழுதுகின்றன. நீ, நீங்கள் என்று வளர்ந்த நமக்கு ஒரு வரி போதும். 'நீங்கள்' போலவே 'வூ'வும் பன்மை வினையைக் கொண்டு முடியும் மரியாதைச் சொல் என்பதால் வினைமுற்றும் குழப்புவதில்லை. உயிரெழுத்துக்கு முன் சிறு சொல்லின் ஈற்றுயிர் கெட்டுப் போவது, நம் 'வந்து' என்பதும் 'இருந்தான்' என்பதும் சேர்ந்து 'வந்திருந்தான்' ஆவதற்கு உறவு. வினாவில் இரண்டு உயிர்களுக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு 'த்' வந்து நிற்பதைக் கண்டு ஆங்கில வழி மாணவர்கள் வியக்கிறார்கள். பள்ளியில் உடம்படுமெய் படித்தவருக்கு அதில் வியப்பில்லை. மூக்கொலி உயிர்களும் நமக்கு அந்நியமல்ல. 'மரம்' என்று எழுதுகிறோம், ஆனால் பேசும்போது இதழை மூடி 'ம்' என்று முடிப்பதில்லை. உயிரை மூக்கின் வழியே விட்டுவிடுகிறோம். அந்த ஒலியை நினைவில் வைத்துக்கொண்டு பிரெஞ்சு 'போன்' என்பதை ஒலித்துப் பாருங்கள். மெய்யே இல்லாமல் மூக்கொலியில் முடியும்.

நமக்கே உரிய இடர்களும் உண்டு. தமிழில் ஆண்பால், பெண்பால் பாகுபாடு உயர்திணைக்கு மட்டும் உரியது. மேசையும் நூலும் அஃறிணை என்று ஒதுங்கிவிடும். பிரெஞ்சில் மேசை பெண்பால், நூல் ஆண்பால், நாற்காலி பெண்பால், பேனா ஆண்பால். இதற்குத் தமிழ் எந்த உதவியும் செய்யாது. சொல்லைக் கற்கும்போதே அதன் முன்னால் வரும் 'ல' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும். 'சியோன்' என்று முடியும் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே பெண்பால், 'மான்' என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால் என்பன போன்ற ஈற்று விதிகள் ஓரளவு துணை செய்யும். இரண்டாவது இடர், எழுதியதையெல்லாம் ஒலிக்கும் நம் பழக்கம். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார்கள் என்பவற்றுக்குரிய பிரெஞ்சு வினைகள் மூன்று விதமாக எழுதப்பட்டு ஒரே விதமாக ஒலிக்கப்படுகின்றன. கண்ணால் படித்துக் கற்றவர் ஈற்றெழுத்துகளை ஒலித்தே தீருவார். எனவே முதல் மூன்று மாதங்களில், எழுத்தைப் பார்ப்பதற்கு முன் காதால் கேட்பது என்ற ஒழுங்கை வைத்துக்கொண்டேன். எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: எழுபதை அறுபதும் பத்தும் என்றும், எண்பதை நான்கு இருபதுகள் என்றும் சொல்லும் மொழியைக் குறை சொல்லத் தோன்றும்போது, தொண்ணூறை நூறிலிருந்தும் தொள்ளாயிரத்தை ஆயிரத்திலிருந்தும் உருவாக்கியவர்கள் நாம் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

அசிமிலின் குறை அதன் இலக்கணம் சிதறிக் கிடப்பதுதான். அந்தக் குறையைத் தீர்த்தது கிளே அந்தர்நசியோனால் வெளியிடும் 'கிராமேர் புரொகிரெசீவ்' என்ற இலக்கணப் பயிற்சி நூல் வரிசை. இடப்பக்கத்தில் ஒரே ஓர் இலக்கணச் செய்தி, வலப்பக்கத்தில் அதற்கான பயிற்சி என்ற அமைப்பு தனியாகப் படிப்பவருக்கு மிகவும் ஏற்றது. ஆனால் வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விடைகள் தனி நூலாக விற்கப்படுகின்றன. ஆசிரியர் இல்லாதவருக்கு விடை நூல் இல்லாத பயிற்சி நூலால் பயன் இல்லை. இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். நூல் முழுவதும் பிரெஞ்சில் இருப்பதால் முதல் நாளிலேயே தொடங்க வேண்டாம்; அசிமிலில் முப்பது, நாற்பது பாடங்கள் போன பிறகு எடுத்தால் விளக்கங்கள் தாமாகவே புரியும். வினை வடிவங்களுக்கு 'பெஷெரெல்' கையேடு ஒன்று மேசை மேல் இருந்தால் போதும். எந்த வினையைத் தேடினாலும் அது எந்த மாதிரி அட்டவணையைப் பின்பற்றுகிறது என்று எண் காட்டிவிடும்.

வகுப்பறைகளில் பயன்படும் பாடநூல்களையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். அவை நன்றாகவே எழுதப்பட்டவை. ஆனால் பக்கத்து மாணவரோடு உரையாடுக என்ற கட்டளையோடு பாதிப் பயிற்சிகள் முடிகின்றன. தனியாகப் படிப்பவருக்கு அவை பொருந்தா.

இணையத்துக்கு வருகிறேன். டுவோலிங்கோ போன்ற கைப்பேசிச் செயலிகள் முதல் இரண்டு மாதங்களில் தினமும் மொழியைத் தொடும் பழக்கத்தை உண்டாக்கின; அந்த அளவில் அவை நல்லவை. சொற்களை மறக்காமல் வைத்துக்கொள்ள 'ஆங்கி' என்ற அட்டைச் செயலியை இன்றும் பயன்படுத்துகிறேன். மறக்கப்போகும் தருணத்தை ஒட்டி அட்டையை மீண்டும் காட்டுவது அதன் வேலை. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் கட்டணம். பிறர் தயாரித்த ஆயிரக்கணக்கான அட்டைகளை இறக்கிக்கொள்வதைவிட, நாம் படித்த வாக்கியத்திலிருந்து நாமே ஐந்து அட்டைகள் எழுதுவது மேல்.

கட்டணப் பாடத்திட்டம் ஒன்றிலும் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. ஓராண்டுத் தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். விளம்பரத்தில் சொன்ன இடைநிலைப் பாடங்கள் கடைசி வரை வரவில்லை. எழுதி அனுப்பிய பயிற்சிகளுக்குத் திருத்தமும் வரவில்லை. இதனால் நான் கற்றுக்கொண்ட எச்சரிக்கை இதுதான்: பணம் கட்டும் முன் கடைசி நிலையின் மாதிரிப் பாடம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், என் எழுத்தைத் திருத்துபவர் யார், எத்தனை நாளில் திருத்துவார் என்று கேளுங்கள். இவற்றுக்கு விடை தராதவர்களிடம் தொகையைக் கொடுக்க வேண்டாம்.

வருந்தத் தேவையில்லை, ஏனெனில் மிகச் சிறந்த பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன. மேலே சொன்ன அமெரிக்கத் தூதரகப் பயிற்சி நிறுவனத்தின் அடிப்படைப் பிரெஞ்சுப் பாடம் 24 அலகுகள் கொண்டது. அரசு வெளியீடு என்பதால் ஒலிப்பதிவோடு எவரும் இறக்கிக்கொள்ளலாம். காலத்தால் பழையது, ஒலியில் இரைச்சல் உண்டு, உரையாடல்களில் இன்றைய வாழ்க்கை இல்லை. ஆயினும் ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி மாற்றி, இடைவெளி விட்டு, நம்மைச் சொல்ல வைக்கும் அதன் பயிற்சிகள் நாவைப் பழக்குவதில் இன்றைய எந்தச் செயலியையும் மிஞ்சுகின்றன. அலுப்பூட்டும் என்பது உண்மை. இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே அமர்வில் செய்ய வேண்டாம். ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ள 'பிரான்சே அந்தராக்தீஃப்' என்ற இலவசப் பாடமும் தொடக்க நிலையினருக்கு ஏற்றது. அதோடு வரும் 'டெக்ஸ்' இலக்கணப் பக்கங்கள் ஆங்கிலத்தில் தெளிவாக விளக்குகின்றன. அசிமில் சொல்லாமல் விட்டதைப் பலமுறை அங்கே தேடிக் கண்டேன்.

'ஃபிரெஞ்ச் இன் ஆக்‌ஷன்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பியேர் காப்ரெத்ஸ் வடிவமைத்து 1987-இல் ஒளிபரப்பான 52 அரைமணி நிகழ்ச்சிகள் அவை. ரொபேர் என்ற அமெரிக்க இளைஞனும் மிரேய் என்ற பாரிஸ் மாணவியும் சந்திக்கும் கதை நகர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு பகுதியிலும் கதைக்குப் பின் அதே சொற்களை வேறு வேறு காட்சிகளில் காட்டி விளக்குவார்கள். வேற்று மொழிபெயர்ப்பு எதுவும் கிடையாது, பேச்சின் வேகத்தையும் குறைப்பதில்லை. முதல் நான்கு நிகழ்ச்சிகளில் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. பத்தாவதை அடைந்தபோது, காட்சியைப் பார்த்தே சொல்லின் பொருளைப் பிடிக்கும் பழக்கம் வந்துவிட்டது. குழந்தை மொழி கற்பது போல என்று விளம்பரப்படுத்தும் பல பாடங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கைக் காப்பாற்றியது இது ஒன்றுதான்.

கேட்டல் திறனுக்கு ரேடியோ பிரான்ஸ் அந்தர்நசியோனாலின் 'எளிய பிரெஞ்சில் செய்திகள்' நாள்தோறும் பத்து நிமிடம் வருகிறது, எழுத்து வடிவமும் இணையத்தில் கிடைக்கிறது. முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்பேன். பிறகு எழுத்தோடு கேட்பேன். மூன்றாம் முறை மீண்டும் எழுத்தில்லாமல் கேட்பேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எளியது என்று பெயரில் இருந்தாலும் தொடக்க நிலைக்கு அது எளியதல்ல. எட்டு மாதங்களுக்குப் பிறகு தொடங்குவது உசிதம். அதற்கு முன் டிவி5 மோந்த் தளத்தின் காணொளிப் பயிற்சிகள் போதும். அவை ஏ1 என்ற தொடக்க நிலை முதல் பி2 என்ற மேல் இடைநிலை வரை நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டு இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை நினைவில் வையுங்கள்: செய்தி வாசிப்பவரின் பிரெஞ்சு எழுத்துத் தமிழைப் போன்றது. தெருவில் எதிர்மறைச் சொல்லின் முதல் பாதி விழுந்துவிடும், 'நாங்கள்' என்பதற்கு வேறு சொல் வந்துவிடும். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதி 'வந்துட்டிருக்கேன்' என்று பேசும் நமக்கு இந்த இடைவெளி புதிதன்று. அது இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

இவ்வளவையும் செய்த பிறகும், ஓராண்டு முடிவில் என்னால் பிரெஞ்சில் ஒரு நிமிடம் தொடர்ந்து பேச முடியவில்லை. டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழிச் சான்றிதழ்த் தேர்வை ஏ2 நிலையில் எழுதியபோது இது எண்களாகவே தெரிந்தது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். தேர்ச்சிக்கு நூற்றுக்கு 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. படித்தலில் 23 வாங்கிய எனக்குப் பேசுதலில் 11 கிடைத்தது. எந்த நூலும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை, பிழையைக் கண்டு புருவத்தை உயர்த்துவதும் இல்லை. மனிதர்கள் வேண்டும் என்பதை அந்த மதிப்பெண் பட்டியல்தான் எனக்குச் சொன்னது. (தேர்வு கட்டாயமல்ல. ஆனால் தனியாகப் படிப்பவருக்கு வெளியாள் ஒருவரின் அளவுகோல் அவசியம் என்று கருதுகிறேன். இந்தச் சான்றிதழ் காலாவதி ஆவதில்லை என்பது கூடுதல் நன்மை.)

அதன் பிறகு மூன்று ஏற்பாடுகளைச் செய்துகொண்டேன். மொழிப் பரிமாற்றத்தில் லியோன் நகரத்தில் தமிழ் கற்றுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கிடைத்தார். ஞாயிறுதோறும் அரை மணி நேரம் தமிழ், அரை மணி நேரம் பிரெஞ்சு. இதில் இருவரும் கடிகாரத்தை மதிப்பது முக்கியம். இல்லையெனில் திறமை கூடியவரின் மொழியே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். இரண்டாவதாக, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கட்டணம் கொடுத்து இணையவழி ஆசிரியரிடம் என் கட்டுரையைத் திருத்திக்கொள்கிறேன். திருத்தியதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போகாமல், பிழைகளை ஒரு தனி ஏட்டில் எழுதி அடுத்த கட்டுரைக்கு முன் படிப்பேன். பேசுதலில் பி1 தேர்வின்போது 19 கிடைத்ததற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

மூன்றாவது ஏற்பாடு, ஐந்து பேர் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழு. பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்துவிட்டு, இப்போது அதை உண்மையாகவே கற்க விரும்பும் சென்னை இளைஞர்கள் இருவர், கனடா செல்ல விண்ணப்பித்திருக்கும் செவிலியர் ஒருவர், புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்து ஓய்வு பெற்ற எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், நான். நாளுக்கு ஒருவர் ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்ப வேண்டும். மற்றவர்கள் ஒரே ஒரு பிழையை மட்டும் சுட்ட வேண்டும் என்பது விதி. எல்லாப் பிழைகளையும் சுட்டினால் அடுத்த நாள் யாரும் பேச மாட்டார்கள் என்று அந்த விதியை வைத்தவர் அந்தப் பெரியவர். நாங்கள் அவரை ஐயா என்றே அழைக்கிறோம்.

தாத்தாவின் நிலப் பத்திரத்தை நான் முதன்முதலாக முழுமையாகப் படிக்க முயன்றது சென்ற ஆண்டு ஆடி மாதத்தில். விற்றவர் பெயருக்குப் பின் 'இன்னாரின் மகன்' என்று வர வேண்டிய இடத்தில், தகப்பனார் பெயருக்கு முன்னால் 'ஃப' என்று ஒலிக்கும் ஒரு சிறு சொல் நின்றது. நான் கற்ற எல்லா நூல்களிலும் அதற்கு நெருப்பு என்றுதான் பொருள். வீடு தீப்பிடித்ததா, அது ஏதேனும் குடும்பப் பெயரா என்று இரண்டு நாள் குழம்பிவிட்டு, பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். ஐயா பத்து நிமிடத்தில் குரல் பதிவு அனுப்பினார்: "தம்பி, இது நெருப்பு இல்லை. காலஞ்சென்ற என்று பொருள். பழைய பத்திரங்களில் இறந்தவர் பெயருக்கு முன்னால் இப்படித்தான் எழுதுவார்கள்." பெரிய அகராதியில் அது இரண்டாவது பதிவாக இருப்பதைப் பிறகு கண்டேன், இருப்பது தெரியாதவர் இரண்டாவது பதிவைத் தேடிப் போவதில்லை. அன்று மாலை அவர் நான்கு எல்லைகளைக் குறிக்கும் வரிகளையும் என்னோடு சேர்ந்து படித்தார். கிழக்கே வாய்க்கால், மேற்கே காலஞ்சென்ற ஒருவரின் தென்னந்தோப்பு, வடக்கே பாதை. தெற்கு எல்லையில் மை கலைந்திருக்கிறது. அந்த ஒரு வரியை இருவரும் இன்னும் படித்து முடிக்கவில்லை.